தனியே வாழும் முதியோர் வீட்டிலிருந்து பழைய பெரிய சாமான்களை அகற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகள் வேறு ஊர்களிலோ வெளிநாட்டிலோ இருக்க, கணவனோ மனைவியோ மறைந்துவிட, ஐந்தாறு பேருக்காக வாங்கிய கட்டில்கள், பீரோக்கள், சாப்பாட்டு மேசை, சோபா செட் ஆகியவற்றுக்கு நடுவே ஒருவர் மட்டும் வாழும் வீடுகள் சென்னையிலும் தமிழ்நாட்டின் மற்ற நகரங்களிலும் ஏராளம். அப்படி வாழ்பவர்களும், தொலைவிலிருந்து அவர்களைப் பற்றிக் கவலைப்படும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. விலை, சட்டம், சுமைக்கூலி, சம்பிரதாயம் என்று பலவற்றையும் தொட்டாலும் விடைகளுக்கு அடியில் இருக்கும் கருத்து ஒன்றுதான். நல்ல விலை வரட்டும் என்று காத்திருப்பதே பெரும்பாலான சாமான்களை வீட்டிலேயே தேக்கிவைக்கிறது. தடையில்லாமல் நடமாடும் இடம் திரும்பக் கிடைப்பதே இந்த வேலையில் உங்களுக்கு வரும் ஆதாயம்.

இத்தனை ஆண்டுகள் இடைஞ்சலாக இல்லாதவற்றை இப்போது ஏன் அகற்ற வேண்டும்?

சாமான்கள் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி நடப்பவரின் பார்வையும் முழங்காலும் முன்புபோல் இல்லை. இரவில் கழிப்பறைக்கு எழுந்து போகும்போது கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தில் முழங்கால் இடிப்பதும், டீபாய் விளிம்பில் தடுக்குவதும் நாற்பது வயதில் சிராய்ப்போடு போய்விடும். எழுபத்தைந்து வயதில் அதுவே இடுப்பெலும்பு முறிவாகலாம். தற்செயலான காயங்களால் உலகெங்கும் நேரும் மரணங்களுக்கான காரணங்களில், சாலை விபத்துக்கு அடுத்த இடத்தில் கீழே விழுவதே இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தனியே இருப்பவர் விழுந்தால், கதவைத் தட்டிப் பார்க்க யாராவது வரும்வரை கிடக்க நேரும் என்பது இன்னொரு ஆபத்து.

வேறொரு காரணமும் உண்டு. இன்று எதை யாருக்குக் கொடுப்பது என்று நீங்களே நின்று சொல்லலாம். ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின், வாக்கரோடு வீடு திரும்பும் நாளில், அந்த முடிவை அவசரத்தில் வேறு யாரோ எடுப்பார்கள்.

எந்த அறையில், எந்தச் சாமானில் தொடங்குவது?

படுக்கையிலிருந்து கழிப்பறைக்கும், படுக்கையிலிருந்து வாசற்கதவுக்கும், அடுப்பங்கரைக்கும் செல்லும் பாதைகளில் தொடங்குங்கள். இந்தப் பாதைகள் எங்கும் மூன்றடி, அதாவது சுமார் 90 செ.மீ. அகலம் இருக்கிறதா என்று அளவு நாடாவால் பார்த்து, அதைக் குறுக்கும் சாமான்களை மட்டும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வாக்கரோ சக்கர நாற்காலியோ தேவைப்படும் காலம் வந்தால் வேண்டிய இடம் இதுதான்.

பெரும்பாலான வீடுகளில் இந்தக் கணக்கில் முதலில் அகப்படுவது கூடத்து டீபாய், அடுத்தது சாப்பாட்டு மேசை. ஆறு பேர் அமரும் மேசையில் ஐந்து பேருக்கான இடத்தை மாத்திரை டப்பாக்களும், பழைய நாளிதழ்களும், மின்கட்டண அட்டையும் பிடித்துக்கொண்டிருக்க, வீட்டுக்காரர் தட்டைக் கையில் ஏந்தித் தொலைக்காட்சி முன் சாப்பிடுவது நாம் பார்க்காத காட்சியல்ல. அந்த மேசை நெடுநாளாக அலமாரியாகத்தான் இருந்துவருகிறது.

பரண் மேல் இருப்பவற்றைக் கடைசிக்கு வையுங்கள். அவை யார் காலையும் தடுக்குவதில்லை; அவற்றை இறக்க நீங்கள் ஏணியில் ஏறுவதுதான் ஆபத்து.

எவற்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும்?

கைப்பிடியுள்ள, கனமான, உயரமான நாற்காலி ஒன்று அவசியம். பழைய தேக்கு நாற்காலிகள் இதற்கு மிகவும் ஏற்றவை. கையை ஊன்றி எழும்போது அவை நகராது. அதைக் கொடுத்துவிட்டு, அழகாக இருக்கிறதே என்று புதைந்து உட்காரும் தாழ்வான சோபாவை வைத்துக்கொள்வது தலைகீழான தேர்வு.

கட்டிலைப் பொறுத்தவரை, ஓரத்தில் உட்காரும்போது இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் படிய வேண்டும். டிரங்குப் பெட்டிகளை அடியில் தள்ளுவதற்காக உயரமாகச் செய்த பழைய இரட்டைக் கட்டில்களில் கால் தொங்கும். நல்ல மரமாக இருந்தால் ஆசாரியை அழைத்துக் கால்களைக் குறைத்துக்கொள்ளலாம்; கட்டிலையே மாற்ற வேண்டியதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். வீட்டுக்குள் நடக்கும்போது பலர் தம்மை அறியாமலே சில சாமான்களைத் தொட்டுப் பிடித்தபடி நடப்பார்கள். அப்படிப் பிடிமானமாக இருந்த ஷோகேஸை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் கை வெறுமையைத் துழாவும். ஆகவே எடுக்கும் முன்பே அந்தச் சுவரில் கைப்பிடிக் கம்பி ஒன்றைப் பொருத்திவிடுவது நல்லது.

பீரோவையோ கட்டிலையோ கொடுப்பதற்கு முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

இந்த ஒரு வேலையில் மட்டும் அவசரம் கூடாது. வாங்க வருபவர் வாசலில் நிற்கும்போது பீரோவைக் காலி செய்வது என்பது எதையாவது இழப்பதற்கான நிச்சயமான வழி. நாளுக்கு ஓர் இழுப்பறை என்று, நம்பிக்கையான ஒருவரை உடன் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இழுப்பறையை முழுவதும் வெளியே உருவி, அதன் பின்னால் விழுந்துகிடக்கும் காகிதங்களை எடுக்க வேண்டும். தட்டில் விரித்த செய்தித்தாளுக்கு அடியிலும், லாக்கருக்கு உள்ளே இருக்கும் இரகசியப் பெட்டியிலும், கட்டிலின் தலைமாட்டுப் பெட்டியிலும், மெத்தை உறையின் ஜிப்புக்குள்ளும், டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடிக்குப் பின்னாலும் கைவிட்டுப் பார்க்க வேண்டும். மறைந்த துணைவர் எங்கே எதை வைத்தார் என்பது அவருக்கு மட்டுமே தெரிந்திருந்த வீடுகளில் இது இன்னும் முக்கியம்.

பழைய வைப்புநிதி ரசீது கிடைத்தால், காலம் கடந்துவிட்டது என்று கிழித்துவிடாதீர்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் யாரும் கோராத வைப்புத்தொகையை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் நிதியத்துக்கு மாற்றிவிடும். ஆனாலும் உரியவரோ வாரிசோ உரிய சான்றுகளுடன் அந்த வங்கிக் கிளையிலேயே அதைக் கேட்டுப் பெறலாம். எந்த வங்கியில் இருக்கிறது என்று தேட ‘உத்கம்’ என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கியது. காகித வடிவிலான பழைய பங்குச் சான்றிதழ்களுக்கும் மதிப்பு இருக்கக்கூடும்.

ரூபாய் நோட்டுகள் கிடைத்தால் எவை என்று பாருங்கள். 2016 நவம்பர் 8 அன்று செல்லாது என அறிவிக்கப்பட்ட பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளை இனி மாற்ற முடியாது. அது மட்டுமன்றி, 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவற்றில் மொத்தம் 10 நோட்டுகளுக்கு மேல் வைத்திருப்பதே தண்டனைக்குரியது. ஆகவே ஞாபகத்துக்கு என்று கட்டோடு வைத்துக்கொள்ள வேண்டாம். 2023 மே மாதத்தில் திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்ட 2000 ரூபாய் நோட்டின் கதை வேறு. அது செல்லாததாக அறிவிக்கப்படவில்லை. வங்கிக் கிளைகள் வாங்காவிட்டாலும், சென்னை உள்ளிட்ட ஊர்களில் உள்ள ரிசர்வ் வங்கி அலுவலகங்கள் வழியாக மாற்ற வழி செய்யப்பட்டது.

பீரோவின் சாவி தொலைந்திருந்தால், பூட்டுத் திறப்பவரைத் தனியே ஒரு நாளில் வரவழைத்துத் திறந்து பாருங்கள். பூட்டிய நிலையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

என் கணவர் வாங்கிய சாமான்களைக் கொடுக்கப் பிள்ளைகளின் சம்மதம் வேண்டுமா?

உயில் எழுதாமல் கணவர் இறந்திருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி அவருடைய சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாயார் உயிரோடிருந்தால் அவரும் சம பங்கு உரிமை உள்ளவர்கள். அசையும் பொருள்களும் இதில் அடங்கும் என்பதால் கட்டிலும் மேசையும்கூடக் கணக்கில் வருகின்றன. கிறித்தவக் குடும்பங்களில், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு எஞ்சியதும் சேரும். உடைந்த சோபாவுக்காக யாரும் நீதிமன்றம் போவதில்லை என்பது உண்மைதான்; ஆனால் தாத்தா காலத்து ஊஞ்சல் பலகைக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. புகைப்படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, இன்ன தேதிக்குள் எடுத்துக்கொள்ள விரும்புபவர் சொல்லலாம் என்று எழுதிவிடுங்கள். எடுத்துக்கொள்கிறேன் என்பவர், எப்போது, யார் செலவில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உங்கள் திருமணத்தின்போது சீராக வந்த கட்டில், பீரோ, பாத்திரங்கள் ஆகியவற்றின் நிலை வேறு. அவை உங்களுடைய சொந்தச் சொத்து. சீதனம் மனைவிக்கே உரியது என்பதை 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியுள்ளது. அவற்றை யாருக்குக் கொடுக்கவும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

என்ன விலை எதிர்பார்க்கலாம்?

நீங்கள் வாங்கிய விலையையும், இன்று கடையில் அதே போன்ற புதிய சாமானுக்குக் கேட்கும் விலையையும் மறந்துவிடுவதிலிருந்து தொடங்குங்கள். வாங்குபவர் போடும் கணக்கில் சுமைக்கூலி, வண்டி வாடகை, மெருகேற்றும் செலவு, விற்கும்வரை வைத்திருக்கும் இடம் எல்லாம் கழிந்த பிறகே உங்களுக்கு உரியது வரும்.

முழுத் தேக்கும், ரோஸ்வுட் எனப்படும் ஈட்டி மரமும் மட்டுமே மரத்துக்காகவே மதிக்கப்படும். பர்மாத் தேக்கில் செய்த பழைய கட்டில் என்றால் வியாபாரி அதைக் கட்டிலாகப் பார்ப்பதில்லை. எத்தனை சட்டம், எத்தனை பலகை தேறும் என்று பார்ப்பார். மேசையின் அடிப்புறத்தையோ இழுப்பறையின் உட்பக்கத்தையோ பார்த்தால் முழு மரமா, மேலே தேக்குப் படலம் ஒட்டிய பிளைவுட்டா என்பது தெரிந்துவிடும். விளிம்பில் அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் அது பிளைவுட். சன்மைக்கா ஒட்டிய கப்போர்டு, பார்ட்டிகிள் போர்டு வார்ட்ரோப், ஃபோம் சோபா ஆகியவற்றுக்கு ஏறத்தாழ மறுவிற்பனை மதிப்பே இல்லை. பார்ட்டிகிள் போர்டு ஈரத்தில் ஊதி உதிர்ந்துவிடும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் சென்னைக்காரர்களுக்குக் காட்டிவிட்டன.

இரும்பு பீரோ நல்ல நிலையில் இருந்தால் பீரோவாகவே விலைபோகும். துருவேறிக் கதவு சரிந்திருந்தால் கிலோக் கணக்கில் போகும். கோத்ரெஜ் நிறுவனம் 1923-இல் இரும்பு பீரோ செய்யத் தொடங்கியதிலிருந்து எல்லா இரும்பு பீரோவையும் நாம் ‘கோத்ரெஜ் பீரோ’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வாங்குபவர் கதவில் பெயரைப் பார்த்துத்தான் விலை சொல்வார்.

வீட்டு உபயோகத்திலிருந்த சொந்த மரச்சாமான்களை விற்று வரும் பணத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. நகை, ஓவியம், சிற்பம் போன்றவற்றுக்கு இந்த விலக்கு பொருந்தாது.

யாரிடம் கொடுப்பது? காயலான் கடைக்காரரா, மரச்சாமான் வியாபாரியா?

இரும்புக்குக் காயலான் கடை, முழு மரத்துக்குப் பழைய மரச்சாமான் வியாபாரி என்பது பொதுவான வழி. தேக்குச் சாமானைத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போடுவது நஷ்டம். பலரும் மறந்துவிடும் மூன்றாவது ஆள் உங்கள் பகுதி ஆசாரி. வீட்டுக்கு வந்து மரத்தைப் பார்த்து மதிப்புச் சொல்லவும், வாங்குபவரை அழைத்து வரவும், வேண்டுமானால் பெரிய மேசையை அறுத்துச் சிறு மேசையாக்கித் தரவும் அவரால் முடியும். அவருடைய ஒரு வேளைக் கூலியைக் கொடுத்து மதிப்பை அறிந்துகொள்வது, மூன்று வியாபாரிகளிடம் பேரம் பேசுவதைவிடப் பயனுள்ளது.

மொத்தமாக ஒரு விலை சொல்லி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்பவரை உடனே ஒதுக்கிவிட வேண்டாம். தேக்குக் கட்டிலோடு உடைந்த சோபாவையும் பிய்ந்த மெத்தையையும் சேர்த்துத் தூக்கிப் போகிறார் என்றால், விலை சற்றுக் குறைந்தாலும் அந்த பேரம் உங்களுக்கே சாதகம். ஆனால் ‘எல்லாம்’ என்பதில் எவை அடக்கம் என்று எழுதிக் கையில் கொடுங்கள். இல்லையென்றால் மூலையில் இருந்த பித்தளை அண்டாவும் வண்டியில் ஏறிவிடும்.

எங்கள் வீட்டு ஊஞ்சலும் மரப்பெட்டியும் நூறு ஆண்டுக்கு மேல் பழையவை. அவற்றை எப்படி விற்பது?

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் பெட்டிகளும் அங்கே விற்பனைக்கு வருகின்றன. சென்னையிலும் இத்தகைய கடைகள் உண்டு. குறைந்தது இரு கடைக்காரர்களிடம் விலை கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள். புது வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்கிக் காட்ட வேண்டாம். பழம்பொருள் வாங்குபவர்கள் பழைய மேற்பரப்பையே விரும்புவார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாம் என்றால் இரண்டு சட்டங்களைக் கவனிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷங்கள் சட்டத்தின்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள கைவினைப் பொருள்கள் தொல்பொருளாகக் கருதப்படலாம். தனி நபர் அவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது. ஈட்டி மரம் சேர்ந்த மர இனம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், ரோஸ்வுட் சாமான்களை அனுப்புவதற்கும் ஆவணங்கள் தேவைப்படும். கப்பல் செலவைக் கேட்டதும் மகனே வேண்டாம் என்று சொல்லிவிடுவது வேறு விஷயம்.

இணையத்தில் விளம்பரம் செய்து விற்பது பாதுகாப்பானதா?

விற்கலாம், ஆனால் ஒரு மோசடி மிகவும் பரவலாக நடக்கிறது. பேரம் பேசாமல் கேட்ட விலைக்கே ஒப்புக்கொண்டு, இராணுவத்தில் இருப்பதாகவோ வேறு ஊரில் இருப்பதாகவோ சொல்லி, முன்பணம் அனுப்புவதாக ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். பணம் பெறுவதற்கு நீங்கள் எதையும் ஸ்கேன் செய்யவோ யுபிஐ இரகசிய எண்ணை அழுத்தவோ வேண்டியதே இல்லை. எண்ணை அழுத்தினால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்ய வேண்டும். எவ்வளவு விரைவாக அழைக்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அதிகம்.

முகவரியையும், தனியே வாழ்கிறேன் என்பதையும் விளம்பரத்தில் எழுத வேண்டாம். தொலைபேசி எண்ணாக உறவினர் ஒருவருடையதைக் கொடுப்பது இன்னும் நல்லது.

சாமான் வாசல் வழியே வெளியே போக மறுக்கிறது. என்ன செய்வது?

உள்ளே வந்தது வெளியே போகும் என்பது எப்போதும் சரியல்ல. பல கப்போர்டுகளை ஆசாரி அறைக்குள்ளேயே செய்து நிறுத்தியிருப்பார், அல்லது சாமான் வந்த பிறகு இரும்புக் கிரில் கதவு போட்டிருப்பீர்கள். பழைய கட்டில்களின் பக்கச் சட்டங்களைப் போல்ட்டையோ கொக்கியையோ கழற்றிப் பிரித்துவிடலாம். சாப்பாட்டு மேசையின் கால்கள் பெரும்பாலும் கழலும். சுவரோடு சேர்த்துச் செய்த பிளைவுட் கப்போர்டை முழுதாக எடுக்க முயலாமல், ஆசாரியைக் கொண்டு அங்கேயே பிரித்துப் பலகைகளாக இறக்குவதே சிக்கனம்.

பிரிக்க முடியாதது இரும்பு பீரோதான். காலியாக இருந்தாலும் அது இருவர் தாங்க முடியாத எடை. லிஃப்ட் இல்லாத பழைய மூன்று மாடிக் குடியிருப்புகளில், திருப்பத்தில் சாய்த்துத் திருப்ப நான்கு பேர் வேண்டும். கண்ணாடி பதித்த கதவைப் போர்வையால் சுற்றிக் கயிறு கட்டச் சொல்லுங்கள். எந்த மாடி, லிஃப்ட் உண்டா, வண்டி வாசல்வரை வருமா என்பதையெல்லாம் முன்பே சொல்லிக் கூலியைப் பேசிவிட வேண்டும். பாதிப் படியில் பீரோ நிற்கும்போது நடக்கும் பேரத்தில் உங்கள் பக்கம் வலுவே இருக்காது. குடியிருப்புச் சங்கத்துக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள்.

நீங்களோ, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணோ, காவலாளியோ ஒரு முனையைக்கூடப் பிடிக்க வேண்டாம். உள்ளூரில் எடுத்துச் செல்ல ‘குட்டி யானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்று போதும். ஆள்கூலி அதில் சேர்ந்ததா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள். மாநகராட்சி எடுத்துக்கொள்ளுமா?

சென்னையில் எடுத்துக்கொள்கிறது. பயன்படாத சோபா, கட்டில், மெத்தை, பழைய துணி போன்றவற்றைச் சனிக்கிழமைகளில் வீட்டிலிருந்தே கட்டணமின்றிச் சேகரிக்கும் திட்டத்தைப் பெருநகர சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரில் தொடங்கியது. 1913 என்ற உதவி எண்ணிலோ ‘நம்ம சென்னை’ செயலியிலோ பதிவு செய்யலாம். வருபவர்கள் மாடிக்கு ஏறி இறக்கித் தருவார்கள் என்று எண்ணிக்கொள்ளாமல், தரைத்தளத்துக்கு இறக்க ஆள் ஏற்பாடு செய்துவிடுங்கள். பிற ஊர்களில் வார்டு துப்புரவு மேற்பார்வையாளரைக் கேட்டால் என்ன வழி என்று சொல்வார்.

தெருமுனைக் குப்பைத்தொட்டியருகே இரவோடு இரவாக வைத்துவிடுவதும், திறந்தவெளியில் எரிப்பதும் திடக்கழிவு மேலாண்மை விதிகளுக்கு எதிரானவை, அபராதம் உண்டு. பழையன கழிதல் என்று போகிக்கு எரித்துவிடலாம் என்பாரும் உளர். ஃபோமும், ரெக்ஸினும், சன்மைக்காவும் எரியும் புகை நச்சு. 2018-ஆம் ஆண்டுப் போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பி அனுப்பப்பட்டதற்கு அன்றைய புகையும் ஒரு காரணம். அந்த நாளில் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு ஓடுபவர்களில் உங்கள் வயதினரும் இருப்பார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், காசு கொடுத்து அப்புறப்படுத்த நேர்ந்தாலும் தயங்க வேண்டாம்.

மெத்தைகளை என்ன செய்வது?

இலவம் பஞ்சு மெத்தையை வீணாக்க வேண்டியதில்லை. பஞ்சு அடிப்பவரிடம் கொடுத்தால், அடித்து, வெயிலில் காயவைத்து, இரட்டை மெத்தையிலிருந்து ஒற்றை மெத்தையும் தலையணைகளும் தைத்துத் தருவார். ஃபோம், ஸ்பிரிங் மெத்தைகளை யாரும் வாங்குவதில்லை. மூட்டைப்பூச்சி இருந்தால் யாருக்கும் தானமாகக் கொடுக்காமல், பெரிய பிளாஸ்டிக் உறையில் கட்டி, பூச்சி இருப்பதைச் சொல்லியே மாநகராட்சியிடம் ஒப்படையுங்கள்.

தானமாகக் கொடுக்க விரும்புகிறேன். யாருக்குக் கொடுக்கலாம்?

முதியோர் இல்லங்கள், குழந்தைகள் காப்பகங்கள், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் சார்ந்த அறநிலையங்கள், ஊர் நூலகம் ஆகியவற்றைக் கேட்கலாம். முதலில் புகைப்படம் அனுப்பி, வேண்டுமா என்று கேளுங்கள். கேட்காமல் வண்டியில் ஏற்றி அனுப்பினால் உங்கள் சுமை அவர்கள் தலையில் போய் இறங்கும். இல்லங்களுக்குத் தேவைப்படுவது ஒற்றைக் கட்டில்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள், இரும்பு அலமாரிகள். செதுக்கு வேலைப்பாடுள்ள இரட்டைக் கட்டிலை அவர்களால் எங்கும் போட முடியாது.

வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்குக் கொடுப்பதுதான் நம் வழக்கம். அதில் ஒரு நாகரிகம் தேவை. ‘எடுத்துக்கொண்டு போ’ என்று சொல்லப்படும்போது மறுக்க அவருக்குக் கூச்சமாக இருக்கும். பத்துக்குப் பத்து அறையில் வாழ்பவருக்கு மூன்று கதவு பீரோ பரிசாகாது. வேண்டுமா, உங்கள் வீட்டில் இடம் இருக்கிறதா என்று இரண்டு நாள் அவகாசம் கொடுத்துக் கேளுங்கள். வேண்டும் என்றால் வண்டி வாடகையையும் நீங்களே கொடுங்கள். கொடுத்ததைக் குறித்து ஒரு சிறு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவது, வழியில் யாராவது கேட்டால் அவருக்குத் துணையாக இருக்கும்.

இறந்தவர் படுத்திருந்த கட்டிலை யாரும் வாங்கத் தயங்குகிறார்களே?

தயக்கம் இயல்பானது; மறைத்துக் கொடுப்பதுதான் தவறு. விற்கும்போது வியாபாரி பொதுவாக இதைக் கேட்பதில்லை, மரத்தைத்தான் பார்க்கிறார். தெரிந்தவர்களுக்குக் கொடுக்கும்போது சொல்லிவிடுங்கள். மருத்துவமனைக் கட்டில், சக்கர நாற்காலி, ஆக்ஸிஜன் கருவி போன்றவற்றை நோயாளிகளுக்கு இரவல் தரும் அமைப்புகள் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

செவ்வாய், வெள்ளிக் கிழமைகளிலும் விளக்கு வைத்த பிறகும் வீட்டுப் பொருளை வெளியே கொடுப்பதில்லை என்ற வழக்கம் உள்ளவர்கள், அதற்கேற்ப நாளை முன்பே சொல்லிவிடலாம். இருட்டிய பிறகு ஆட்களை வீட்டுக்குள் விடாமல் இருப்பதற்கு, சம்பிரதாயம் ஒரு நல்ல சாக்காகவும் உதவும்.

முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குள் வருவது பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் நியாயமானது. சாமான் எடுக்கும் நாளில் பக்கத்து வீட்டுக்காரரையோ உறவினரையோ வரச்சொல்லிக் கூடத்தில் உட்கார வையுங்கள். அகற்ற வேண்டியவற்றை, தெரிந்த ஆட்களைக் கொண்டு முந்தின நாளே வாசலுக்கு அருகிலுள்ள அறைக்குக் கொண்டுவந்துவிட்டால், வருபவர்கள் படுக்கையறையையும் பூஜையறையையும் பார்க்க வேண்டியதில்லை. கைப்பேசி, கைப்பை, நகைகளைப் பூட்டிவையுங்கள். பணத்தை உள்ளே போய் எடுத்துவராமல், பேசிய கூலியைத் தனி உறையில் தயாராக வைத்திருங்கள். வண்டி எண்ணைப் படம் எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்புவதை வந்தவர்கள் பார்க்கும்படியே செய்யலாம். உதவிக்கு ஒருவருமே இல்லாத நிலையில், மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

பழைய ஃபிரிட்ஜ், பெட்டி டிவி?

இவை மின்னணுக் கழிவு. பெட்டி டிவியின் படக்குழாயில் ஈயம் இருக்கிறது. ஃபிரிட்ஜை உடைத்தால் வாயு வெளியேறும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களிடமே இவை போய்ச்சேர வேண்டும் என்கின்றன. புதியது வாங்கும்போது பழையதைக் கடைக்காரரே எடுத்துப்போகும்படி கேட்பது எளிய வழி.

சாமானை எடுத்த இடத்தில் உடனே என்ன செய்ய வேண்டும்?

பல ஆண்டுகள் பீரோ மறைத்திருந்த சுவரில் ஓதமும், கரையான் மண்கோடும் இருக்கக்கூடும். கரையான் இருந்தால் அடுத்த சாமானுக்குப் பரவும் முன் மருந்து அடிக்க வேண்டும். தரையில் பெயர்ந்த ஓடு, நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, தளர்ந்த மின்கம்பி ஆகியவற்றை அன்றைக்கே சரிசெய்யுங்கள்; புதிதாகத் திறந்த பாதையில் இவைதான் காலைத் தடுக்கும். மறைந்திருந்த பிளக் பாயிண்ட் ஒன்று வெளிப்பட்டால், படுக்கையிலிருந்து கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்து, அதில் ஒரு சிறு இரவு விளக்கை மாட்டிவிடலாம். ஊஞ்சல் கழற்றிய கூரைக் கொக்கிகளை அறுத்தெடுக்க வேண்டியதில்லை. அவை யாருக்கும் இடைஞ்சல் இல்லை.